முதலில் வாசல், பின்னர் வீடு
பழைய வானைப் பயண வீடாக்க எண்ணும் குடும்பங்களுக்குச் சில குறிப்புகள்

எமது ஊர்களில் வீடு கட்டுவோர் நாட்கல் வைத்த பின்னர் மிகுந்த சிரத்தையோடு செய்யும் காரியம் கதவுநிலை வைத்தலாகும். நல்ல நாள் பார்த்து, நிலைக்கு மஞ்சளும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, உற்றார் சூழ்ந்து நிற்க அதனை நிறுத்துவார்கள். அப்பொழுது சுவர் முழுமையாக எழுந்திராது. கூரைக்கு மரம் வாங்கப் பணமும் சேர்ந்திராது. ஆயினும் வாசல் எங்கே, எத்திசை நோக்கியது, எவ்வளவு அகலம் என்பவை அன்றே முடிவாகிவிடும். அறைகள் யாவும் பின்னர் அந்த வாசலுக்கு இசைந்தே அமையும்.

பிரித்தானியாவில் வாழும் எம்மவர் சிலர் இன்று வேறொரு வகை வீட்டைக் கட்டத் தொடங்கியுள்ளனர். பழைய சரக்கு வான் ஒன்றை வாங்கி, அதற்குள் கட்டிலும் அடுப்பும் அலுமாரியும் பொருத்தி, ‘காம்பர் வான்’ எனப்படும் பயண வீடாக ஆக்குவதே அது. ஆனால் இந்த வீட்டைக் கட்டும்பொழுது எமது முன்னோரின் ஒழுங்கைத் தலைகீழாக்கிவிடுகின்றோம். யன்னற் சீலையின் நிறத்தையும் அடுப்பின் வகையையும் பற்றி வாரக்கணக்கில் ஆலோசிக்கின்றோம். கதவை மட்டும் “வானோடு வந்தது தானே” என்று விட்டுவிடுகின்றோம்.

இக்கட்டுரை கூற விழைவது ஒன்றே. வானைத் தெரிவு செய்யும்பொழுது அதன் கதவுகளைத்தான் முதலிற் பார்க்க வேண்டும். கட்டிலைக் கழற்றி மீண்டும் செய்யலாம். அடுப்பை இடம் மாற்றலாம். கதவு வாகனத்தின் உடலோடு ஒன்றியது. அதனை மாற்றுவதற்கு ஆகும் செலவில் வேறொரு வானையே தேடிக் கொள்ளலாம்.

எமக்கு ஏன் இந்த வான்?

இதனை வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்று சிலர் எண்ணக்கூடும். எமது குடும்பங்களின் நிலை வேறு. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் நால்வர் நான்கு நாடுகளில் வாழ்கின்றனர். லண்டனில் ஒருவர், பாரிஸில் ஒருவர், ஜேர்மனியில் ஒருவர், சுவிற்சர்லாந்தில் ஒருவர் என்றவாறு சிதறிப்போன குடும்பங்கள் எத்தனை! கோடை விடுமுறையில் பிள்ளைகளை மாமன் மாமியிடம் அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு பூப்புனித நீராட்டு விழா, ஒரு திருமணம், ஓர் அந்தியேட்டி என்று அழைப்பு வந்தால் போகாமலும் இருக்க முடியாது. அறுவர் கொண்ட குடும்பம் விமானச்சீட்டும் விடுதி அறையும் எடுத்துப் போவதாயின் ஓராண்டுச் சேமிப்பு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். உறவினரின் சிறிய அடுக்குமாடி வீட்டில் அத்தனை பேரும் படுப்பதற்கு இடமும் இராது.

அத்தோடு இந்த வான் வார நாட்களில் வேறு வேலையும் செய்ய வேண்டியிருக்கும். கடைக்குச் சாமான் ஏற்றவும், பிள்ளைகளைச் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்குக் கொண்டு செல்லவும், அம்மாவை வைத்தியசாலைக்கு அழைத்துப் போகவும் அதே வான்தான். ஆகவே எமது கதவு சரக்குக்கும் மனிதருக்கும் பொதுவாக இருக்க வேண்டிய கதவாகும். விளம்பரப் படங்களிற் காணும் இளந்தம்பதியரின் தேவைகளைக் கொண்டு எமது தேவையை அளக்கலாகாது.

மூன்று வகைக் கதவுகள்

சாரதியின் கதவையும் அவர் அருகிலுள்ள முன்கதவையும் நீக்கிப் பார்த்தால், வான்களில் நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய கதவுகள் மூன்று வகைப்படும். பக்கச் சுவரில் பின்னோக்கித் தள்ளித் திறக்கும் தள்ளுகதவு ஒன்று. பின்புறத்தில் மேல்விளிம்பிற் பிணைச்சல் கொண்டு மேலே எழும் தூக்குகதவு மற்றொன்று. பின்புறத்தில் வலமும் இடமுமாகத் திறக்கும் இரட்டைக் கதவு மூன்றாவது. களஞ்சியக் கதவுகள் எனப் பொருள்படும் பெயரால் ஆங்கிலேயர் இதனைக் குறிப்பிடுவர்.

வொக்ஸ்வாகன் நிறுவனம் 1950 இல் ஜேர்மனியில் உற்பத்தி செய்யத் தொடங்கிய புகழ்பெற்ற வான்களின் பக்கத்தில், பிணைச்சலிலே சுழன்று வெளிநோக்கித் திறக்கும் இரு கதவுகளே பெரும்பாலும் இருந்தன. 1967 இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை வான்களிலே தள்ளுகதவு பொதுவான அமைப்பாயிற்று. நெருக்கமான தெருவிலும் நடைபாதைக்கு இடையூறின்றித் திறக்கலாம் என்பது அதன் சிறப்பு. இன்று ஏறத்தாழ எல்லாச் சரக்கு வான்களிலும் ஒரு தள்ளுகதவேனும் உண்டு. பின்புறத்தைப் பொறுத்தமட்டில் 1990 இல் வந்த வொக்ஸ்வாகன் ரி 4, அதன் வழிவந்த 2003 ஆம் ஆண்டின் ரி 5, 2012 இல் வெளிவந்த போர்ட் ட்ரான்சிற் கஸ்ரம் போன்ற நடுத்தர வான்கள் தூக்குகதவோடும் கிடைக்கும். இரட்டைக் கதவோடும் கிடைக்கும். பியற் டுகாற்றோ, மெர்சிடிஸ் ஸ்பிறின்ரர் போன்ற பெரிய வான்களில் இரட்டைக் கதவே வழக்கம்.

தள்ளுகதவு எந்தப் பக்கம்?

பலர் கேட்க மறக்கும் முதற் கேள்வி இதுவே. பிரித்தானியாவில் வாகனங்கள் வீதியின் இடப்புறம் செல்வன. ஆதலின் இந்நாட்டுக்கென விற்கப்படும் சரக்கு வான்களில், கதவு ஒன்றாயின் அது பெரும்பாலும் இடப்பக்கத்திலே இருக்கும். நடைபாதை ஓரத்தில் வானை நிறுத்தினால் பிள்ளைகள் நேரே நடைபாதையில் இறங்குவர். ஐரோப்பியப் பெருநிலத்தில் வாகனங்கள் வலப்புறம் செல்வதால் அங்கு விற்கப்படும் வான்களில் தள்ளுகதவு வலப்பக்கத்தில் இருக்கும்.

ஜேர்மனியிலுள்ள மைத்துனர் மலிவாக ஒரு வான் இருக்கின்றது என்று தொலைபேசியிற் கூறும்பொழுது எமக்கு விலைதான் காதில் விழும். அந்த வானை லண்டன் வீதியோரத்தில் நிறுத்தினால் அதன் வாசல் ஓடும் வாகனங்களை நோக்கித் திறக்கும் என்பது பின்னர்தான் தெரிய வரும். நெடுஞ்சாலையிலே வான் பழுதடைந்து ஓரத்தில் நின்றால் இடப்பக்கக் கதவுகளால் இறங்கி, தடுப்புவேலிக்கு அப்பால் செல்ல வேண்டும் என்பதே இந்நாட்டின் அறிவுரை. வலப்பக்கத்தில் மட்டும் தள்ளுகதவுள்ள வானில், பின்னாசனத்தில் இருக்கும் பிள்ளைகள் எவ்வழியால் இறங்குவர்? மரணத்தின் வாயிலாக வீட்டு வாசல் அமைந்துவிடலாகாது.

இதே சிக்கல் மறுதலையாகவும் உண்டு. இங்கு வாங்கிய வானை டோவர் துறைமுகம் கடந்து பிரான்சுக்குக் கொண்டு சென்றால், அங்கே எமது இடப்பக்கக் கதவு வாகன ஓட்டத்தை நோக்கியதாகிவிடும். இதற்கு வழி இரண்டு. முதலாவது, அந்நாடுகளில் வீதியோரத்தில் நிறுத்திப் பிள்ளைகளை இறக்குவதைத் தவிர்த்து, வீதியை விட்டு விலகிய ஓய்விடங்களிலும் தரிப்பிடங்களிலும் மட்டுமே இறக்குதல். இரண்டாவது, முன்னாசனங்களுக்கு இடையே பின்புறம் செல்லும் நடைவழி ஒன்றை வைத்திருத்தல். வலப்பக்கச் சாரதி ஆசனம் கொண்ட எமது வான் அந்நாடுகளில் நிற்கும்பொழுது, வீதியோரம் சாரதியின் பக்கமாகவே இருக்கும். நடைவழி இருந்தால் பிள்ளைகள் முன்னே வந்து சாரதியின் கதவால் இறங்கலாம். முன்னே இருவர் அமரும் நீண்ட ஆசனமும், பின்னே தகரத் தடுப்புச் சுவரும் உள்ள சரக்கு வானில் இது இயலாது. ஆகவே முன்னே தனியாசனம் உள்ள வானைத் தேடுவது, அல்லது அவ்வாறு மாற்றக்கூடியதா என்று விசாரிப்பது நன்று.

யப்பானில் பாவித்த வான்களையும் எம்மவர் பலர் இங்கு விரும்பி வாங்குகின்றனர். யப்பானிலும் வாகனங்கள் இடப்புறமே செல்வன. சாரதி ஆசனம் வலப்பக்கத்திலேயே உள்ளது. 1995 முதல் 2005 வரை உற்பத்தி செய்யப்பட்ட மஸ்டா பொங்கோ பிறெண்டி வானின் தள்ளுகதவு இடப்பக்கத்தில் அமைந்திருப்பதால் இந்நாட்டு வீதிக்கு இசைவானது. 2002 இல் வெளிவந்த ரொயோட்டா அல்பாட் வானில் இரு பக்கமும் தள்ளுகதவுகள் உண்டு.

ஒன்றா, இரண்டா?

இரு பக்கமும் தள்ளுகதவு இருப்பின் மேலே கூறிய இடர்கள் யாவும் தீர்ந்துவிடும் அல்லவா எனக் கேட்கலாம். ஓரளவு தீரும். எந்நாட்டிலும் பாதுகாப்பான பக்கத்தால் இறங்கலாம். கோடையிற் காற்று இருபுறமும் வீசும். ஒரு வாசல் அடைபட்டால் மறு வாசல் இருக்கும்.

ஆயினும் இதற்கு நாம் கொடுக்கும் விலை சுவராகும். சிறிய வானொன்றில் அடுப்பு, கழுவுதொட்டி, குளிர்பெட்டி, அலுமாரி ஆகியவை யாவும் ஒரு நீண்ட சுவரிலே சாய்ந்து நிற்கின்றன. இந்நாட்டில் அது பெரும்பாலும் சாரதியின் பக்கச் சுவராகும். அங்கேயும் ஒரு கதவு இருப்பின், ஒன்றில் அலுமாரிகளைக் குறைக்க வேண்டும். அல்லது அக்கதவை மறைத்து அலுமாரியை வைக்க வேண்டும். மறைத்துவிட்டால் அது பயனற்ற கதவு. குளிரை உள்ளே விடுவதும் மழைநீர் கசிவதும் மட்டுமே அதன் வேலையாகும். ஆகவே வானுக்குள் முழுச் சமையலறை வேண்டுவோருக்கு ஒரு தள்ளுகதவு போதும். ஆசனங்களும் கட்டிலுமே முக்கியம், சமையலை வெளியே ஒரு சிறு மேசையில் வைத்துக்கொள்வோம் என்போருக்கு இரு கதவுகள் நன்று. பிள்ளைகள் நிறைந்த குடும்பங்கள் இந்த இரண்டாம் வழியைச் சிந்திக்கலாம்.

பின்புறம்: தூக்குகதவின் குணமும் குற்றமும்

தூக்குகதவைத் திறந்தால் அது ஒரு தாழ்வாரம். மழை பெய்யும்பொழுது அதன் கீழ் நின்று தேநீர் வைக்கலாம், பிள்ளைகளின் சேற்றுச் சப்பாத்துகளைக் கழற்றலாம், உடை மாற்றலாம். இந்நாட்டு மழையை அறிந்தோர் இதன் அருமையை அறிவர். ஒரே பெரிய கண்ணாடியாதலால் பின்னால் வருவதைச் சாரதி நடுவே தடையின்றிக் காணலாம்.

குற்றங்களையும் கூற வேண்டும். இக்கதவு பாரமானது. வாயு அடைத்த இரு தண்டுகளே அதனைத் தூக்கி நிறுத்துகின்றன. பழைய வானில் அவை தளர்ந்திருக்கும். குளிர்காலத்தில் மேலும் வலுவிழக்கும். தளர்ந்த தண்டுள்ள கதவு தலையில் விழக்கூடும். தண்டுகளை மாற்றுவது பெரிய வேலையன்று. ஆயினும் அதுவரை அக்கதவின் கீழ் பிள்ளைகளை நிற்க விடலாகாது. மேலும், முழுதாக எழுந்த கதவின் விளிம்பு உயரம் குறைந்த எமது பெண்களுக்கு எட்டாது. உறுதியான பட்டி ஒன்றை உட்புறத்திற் கட்டிவிட்டால் இழுத்து மூடலாம். கதவு எழுவதற்குப் பின்னே இடமும் வேண்டும். இன்னொரு வாகனம் நெருங்கி நின்றால் திறக்க முடியாது. கதவின்மேல் ஈருருளி தாங்கியைப் பொருத்தினால், ஈருருளிகளை இறக்காமற் கதவைத் தூக்குவது பெரும்பாடாகும்.

இரட்டைக் கதவின் குணமும் குற்றமும்

இரட்டைக் கதவின் சிறப்பு, ஒரு பாதியை மட்டும் திறக்கலாம் என்பதாகும். நெருக்கமான தரிப்பிடத்திலும் ஒருவர் இறங்கலாம். கடைக்குச் சாமான் ஏற்றுவோருக்கு இதுவே வசதி. பாரந்தூக்கி கொண்டு பெரிய பொதிகளையும் நேரே ஏற்றலாம். கதவின் உட்புறத்திலே சிறு தட்டுகளைப் பொருத்தி மசாலாப் போத்தல்களையும் கரண்டிகளையும் வைக்கலாம். ஒவ்வொரு பாதியும் பாரம் குறைந்தது. முதியவர் ஒருவரும் இலகுவாகத் திறப்பார்.

இரவில் இதன் அருமை இன்னும் விளங்கும். முகாம் திடலிலே நள்ளிரவில் தள்ளுகதவைத் திறந்தால் அந்த ஓசை திடல் முழுவதும் கேட்கும். வானுக்குள் உறங்கும் அனைவரும் விழித்துக்கொள்வர். இரவில் இருமுறை கழிப்பறை செல்ல வேண்டிய முதியவருக்கு, தம்மால் பிறர் உறக்கம் கெடுகின்றதே என்ற கூச்சம் உண்டாகும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அவரது படுக்கை பின்கதவின் அருகே அமைந்து, ஒற்றைப் பாதியை மெதுவாகத் திறந்து இறங்க முடியுமாயின் இச்சங்கடம் இல்லை.

குற்றம் யாதெனில், மழைக்கு மறைவு இல்லை. காற்று பலமாக வீசும்பொழுது கதவு அறைந்து மூடும், விரல்கள் நசியும். திறந்த நிலையிற் பிடித்து நிறுத்தும் கொக்கி சரியாக வேலை செய்கின்றதா என்று பார்க்க வேண்டும். சில வான்களில் கதவு 180 பாகை வரை திரும்பும்; சிலவற்றில் 270 பாகை திரும்பி, வானின் பக்கச் சுவரோடு ஒட்டி நிற்கும். பின் கண்ணாடி இரண்டாகப் பிரிவதால், நடுவே உள்ள தூண் சாரதியின் பார்வையைச் சற்று மறைக்கும்.

இரண்டிலும் எது சிறந்தது என்று கேட்டால், வார நாட்களில் சரக்கு ஏற்றுவோருக்கும் முதியோரோடு பயணம் செய்வோருக்கும் இரட்டைக் கதவு. சிறு பிள்ளைகளோடு கடற்கரைக்கும் பூங்காவுக்கும் செல்வோருக்குத் தூக்குகதவு என்பேன்.

அம்மா எப்படி ஏறுவார்?

வானை வாங்கப் போகும்பொழுது குடும்பத்தில் வலுக்குறைந்தவர் யாரோ அவரையும் அழைத்துச் செல்லுங்கள். முழங்கால் வலியுள்ள அம்மாவை அந்த வாசலால் ஒருமுறை ஏறி இறங்கச் செய்யுங்கள். விற்பவர் பொறுமையிழந்தாலும் கவலையில்லை. நடுத்தர வான்களின் தள்ளுகதவு வாசல் ஏறக்குறைய 1 மீற்றர் அகலமுடையது. உட்கூரையின் உயரமோ சாதாரண வானில் ஏறக்குறைய 1.4 மீற்றர் மட்டுமே. அகலம் போதுமானாலும், குனிந்துகொண்டே காலைத் தூக்கி வைக்க வேண்டும். முதியவர்க்குக் கடினமானது இதுவே.

இதற்குப் பரிகாரங்கள் உண்டு. வாசலின் இருபுறமும் உடல் பாரத்தைத் தாங்கத்தக்க கைபிடிகளைப் பொருத்த வேண்டும். அவற்றைப் பலகையில் அன்றி வானின் இரும்புச் சட்டத்திலே பூட்ட வேண்டும். கீழே வைக்கும் படி அகன்றதாகவும் வழுக்காததாகவும் இருத்தல் வேண்டும். மடக்கும் முக்காலிகளை நம்பலாகாது. முன்னாசனத்தைப் பின்னோக்கித் திருப்பும் சுழல்தட்டு ஒன்றைப் பூட்டினால், முதியவர் முன்கதவால் ஏறி அமர்ந்து, ஆசனத்தோடு திரும்பி வீட்டினுள்ளே வந்துவிடலாம். ஆனால் சுழல்தட்டு ஆசனத்தைச் சற்று உயர்த்திவிடும். கால் தரையிற் பதிகின்றதா என்று பார்த்தே பொருத்த வேண்டும்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, தள்ளுகதவிலே உள்ளிருந்து திறக்காதவாறு தடுக்கும் பூட்டு இருக்கின்றதா என்று பாருங்கள். ஓடும்பொழுது அது பூட்டியிருக்க வேண்டும். உறங்கும்பொழுது திறந்திருக்க வேண்டும். கதவு முழுதாகத் திறந்ததும் பிடித்து நிறுத்தும் கொக்கி தேய்ந்திருந்தால், சரிவான இடத்தில் கதவு தானே ஓடி வந்து மூடும். சிறு கை அகப்பட்டால் என்னவாகும் என்பதைக் கூற வேண்டியதில்லை. பிரித்தானிய வீதி ஒழுங்கு விதிகளும், பயணிகள், சிறப்பாகப் பிள்ளைகள், நடைபாதைப் பக்கமாகவே இறங்க வேண்டும் என்று அறிவுறுத்துகின்றன. 2022 இல் அவ்விதிகள் திருத்தப்பட்டபொழுது, முன்கதவுகளைத் திறப்போர் கதவுக்கு எதிர்ப்புறக் கையாற் திறக்குமாறும் கூறப்பட்டது. அவ்வாறு செய்யும்பொழுது உடல் தானாகவே திரும்பும். பின்னால் வரும் ஈருருளிக்காரர் கண்ணிற் படுவார்.

ஆபத்து வேளையில் வெளியேறுதல்

அபாயம் வந்தபொழுது எந்த வழியால் ஓடுவது என்பதை எமக்குப் பிறர் கற்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் விடுமுறை மகிழ்ச்சியில் அதனை மறந்துவிடுகின்றோம். வானுக்குள் தீ மூண்டால் சிந்திக்க நேரம் இராது. ஆகவே படுக்கையை விரித்த நிலையில், விளக்கின்றி, ஒவ்வொருவரும் வெளியேற இரு வழிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, சரக்கு வான்களின் பின்கதவுகள் பலவற்றில் உள்ளிருந்து திறக்கும் கைபிடி இல்லை. சரக்குக்குக் கைபிடி எதற்கு என்பதே காரணம். மனிதர் உறங்கும் இடமானபின் அதனைப் பொருத்தியே ஆக வேண்டும். இரண்டாவது, அடுப்பைப் படுக்கைக்கும் வாசலுக்கும் இடையே வைக்கலாகாது. தீ பெரும்பாலும் அடுப்பிலே தொடங்கும். அது வழியை மறித்தால் உள்ளே இருப்போர் அகப்பட்டுக்கொள்வர். மூன்றாவது, பல வான்களிலே வெளியிலிருந்து திறப்பால் அல்லது தொலைப்பொத்தானால் பூட்டும்பொழுது, உள்ளே உள்ள கைபிடிகளும் செயலிழந்துவிடும் வகையான இரட்டைப் பூட்டு உண்டு. கள்வர் கண்ணாடியை உடைத்தாலும் கதவைத் திறக்க முடியாதிருக்கச் செய்யப்பட்ட ஏற்பாடு அது. உள்ளே பிள்ளைகள் உறங்க, தகப்பனார் வழக்கப்படி பொத்தானை அமுக்கிப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனால், அப்பிள்ளைகள் சிறைப்பட்டவர்களாவர். உங்கள் வானில் இவ்வமைப்பு உள்ளதா என்று கையேட்டிற் பார்த்து, உள்ளே ஒருவரை இருத்திப் பரிசோதியுங்கள்.

கதவைத் திறந்து வைத்துச் சமைப்பதால் காற்றுவழி தேவையில்லை என்று எண்ணுவதும் தவறு. மழை வந்தால் கதவு மூடப்படும். சமையல் வாயு காற்றிலும் கனமானது; கசிந்தால் தரையிலே தேங்கும். அதனை வெளியேற்றத் தளத்திலே திறந்த துளை வேண்டும். நச்சுப் புகையை அறிவிக்கும் எச்சரிக்கைக் கருவியும் வேண்டும். இறைச்சி சுட்ட கரியடுப்பைக் குளிருக்காக ஒருபோதும் உள்ளே கொண்டு வரலாகாது. அணைந்ததுபோல் தோன்றும் கரியும் கொல்லும்.

மழைநீரும் கறளும்

கதவின் உட்புறத்தைப் பலகையால் மூடி அழகுபடுத்தும்பொழுது ஓர் உண்மையை மனதிற் கொள்க. யன்னற் கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் கதவின் வயிற்றுக்குள் செல்வது இயல்பு. அது வெளியேறக் கதவின் அடியிலே சிறு துளைகள் உண்டு. குளிருக்காகப் பஞ்சு அடைக்கும்பொழுது அத்துளைகளை மூடிவிட்டால், நீர் உள்ளே தேங்கிக் கதவு அடியிலிருந்து கறள் பிடிக்கும். கதவின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் நீர்தடுப்புத் தாளையும் கிழித்தெறியாது மீண்டும் ஒட்ட வேண்டும்.

தள்ளுகதவு மூன்று இடங்களில் உருளைகளால் தாங்கப்படுகின்றது: மேலே ஒன்று, கீழே ஒன்று, வானின் வெளிப்புறச் சுவரின் நடுவே ஒன்று. கீழ்த் தடத்தில் மண்ணும் சிறுகல்லும் சேரும். அதனைத் துடைத்து, சிலிக்கன் வகை உலர் மசகைத் தெளித்தல் நன்று. கட்டியான மசகைப் பூசினால் அது மணலைப் பிடித்து வைத்து உருளையைத் தேய்க்கும். கதவில் புதிதாக யன்னல் வெட்டுவோர், வெட்டிய தகர விளிம்பிற்கு உடனே கறள் தடுக்கும் பூச்சுப் பூச வேண்டும். கதவின் உட்சட்டங்களை வெட்டலாகாது.

சட்டமும் காப்புறுதியும்

வாகனப் பதிவுகளைப் பேணும் டி.வி.எல்.ஏ. எனப்படும் அரச முகவரகம், ஒரு வானைப் பயண வீடாகப் பதிவேட்டில் மாற்றுவதற்குச் சில அமைப்புகளை எதிர்பார்க்கின்றது. குறைந்தது 1,800 மில்லிமீற்றர் நீளமுள்ள படுக்கை, மேசையும் ஆசனமும், நிலையான அலுமாரி, சமையல் வசதி ஆகியவற்றோடு, முன்கதவுகள் நீங்கலாக வசிப்பிடத்திற்கென ஒரு தனிக் கதவும், ஒரு பக்கத்திலேனும் இரண்டு யன்னல்களும் அதன் வழிகாட்டலிற் குறிப்பிடப்பட்டுள்ளன. அக்கதவிலுள்ள யன்னலும் அப்பக்கத்து யன்னலாகக் கணக்கிடப்படும். விண்ணப்பிக்குமுன் அன்றைய விதிகளைப் பார்த்துக்கொள்க.

பதிவேட்டில் பெயர் மாறாவிடினும் வானைப் பயன்படுத்தலாம். ஆனால் காப்புறுதி நிறுவனத்திற்கு மாற்றங்கள் யாவற்றையும் அறிவித்தேயாக வேண்டும். யன்னல் வெட்டியது, ஆசனம் பூட்டியது, பூட்டு மாற்றியது எதுவாயினும் எழுத்தில் அறிவித்து, பதிலையும் எழுத்திற் பெற்று வைத்திருங்கள். ஆங்கிலத்திற் பேசத் தயங்குவோர் வீட்டுப் பிள்ளைகளின் உதவியோடு கடிதம் அனுப்பலாம்.

வாங்குமுன் செய்ய வேண்டிய சோதனை

வானைப் பகல் வெளிச்சத்தில், இயலுமாயின் மழைக்குப் பின் பாருங்கள். ஒவ்வொரு கதவையும் உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் பத்து முறை திறந்து மூடுங்கள். தள்ளுகதவைப் பாதி திறந்து, அதன் பின்விளிம்பை மெதுவாக மேலே தூக்கிப் பாருங்கள். அதிகம் ஆடினால் உருளை தேய்ந்துள்ளது. மூடிய கதவைச் சுற்றியுள்ள இடைவெளி எங்கும் ஒரே அளவாக உள்ளதா என்று நோக்குங்கள். ஓரிடத்தில் அகன்றும் ஓரிடத்தில் குறுகியும் இருந்தால் அந்த வான் முன்பு மோதுண்டிருக்கலாம். கதவின் அடிவிளிம்பை விரலாற் தடவுங்கள். வர்ணம் பொங்கியிருந்தால் உள்ளே கறள் உண்டு. இறப்பர் ஓரங்களைப் பார்த்து, கதவருகே தரைவிரிப்பைத் தூக்கி ஈரம் உள்ளதா எனத் தொட்டுப் பாருங்கள். எல்லாக் கதவுகளுக்கும் ஒரே திறப்புத்தானா என்றும், எத்தனை திறப்புகள் தருவார்கள் என்றும் கேளுங்கள்.

இவை எதற்கும் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டியதில்லை; அரைமணி நேரமும் வெட்கமின்மையும் போதும். ஆயிரக்கணக்கான பவுண்களை எண்ணிக் கொடுக்குமுன் அரைமணி நேரம் ஒரு கதவைத் திறந்து மூடுவதில் வெட்கப்பட எதுவுமில்லை.

எல்லாம் சரியாயின், வீட்டிற்கு வந்து முதல் வேலையாக ஒரு தாளை எடுங்கள். அதில் வானின் நீள அகலத்தை வரைந்து, முதலிற் கதவுகளைக் குறியுங்கள். அவற்றிலிருந்து ஒருவர் படுக்கைக்குச் செல்லும் வழியையும், ஆபத்தில் வெளியேறும் வழியையும் கோடிட்டுக் காட்டுங்கள். அந்தக் கோடுகளின்மேல் எந்த அலுமாரியும் வரலாகாது. எஞ்சிய இடமே கட்டிலுக்கும் அடுப்புக்கும் உரியது. அந்தத் தாளைப் பிள்ளைகளிடமும் அம்மாவிடமும் காட்டி, “இதிலே நீங்கள் எப்படி ஏறுவீர்கள், எப்படி இறங்குவீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் விரலால் காட்டும் வழி தடையின்றி இருந்தால், மரம் வாங்கப் புறப்படலாம்.